அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள்

பெரிய அணியைச் சாய்த்த ஒரு கோச்சிடம் பத்து, இருபது வருடம் கழித்து அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். பையன்கள் நம்பினார்கள், கடைசிவரை விடவில்லை, உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தப் பேச்சு ஒரு மரபாகவே ஆகிவிட்டது. மார்ச் மாதம் தேசியப் போட்டி வந்தால் பழைய ஆட்டங்களின் துண்டுகளை ஓடவிட்டு, தலை நரைத்த கோச்சுகளை உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவரவில்லை. அந்த நம்பிக்கை நிஜமாகவே இருந்திருக்கும். ஆனால் அதே மார்ச்சில் தோற்றுப்போன நூற்றுக்கணக்கான சிறு கல்லூரிப் பையன்களும் நம்பித்தானே இறங்கினார்கள்? இரண்டு பக்கமும் இருக்கும் ஒன்றை வைத்து வெற்றிக்கு விளக்கம் சொல்ல முடியாது. என் கட்சி இதுதான்: இந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்கோர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஜெயித்த கோச் ஏதோ ஒன்றைத் தெரிந்தே கைகழுவியிருப்பது தெரியும். எல்லா இடத்திலும் பெரிய அணியோடு மல்லுக்கட்டாமல், 'இது போனால் போகட்டும்' என்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் இன்னொரு பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். வெற்றிக்கான வேலை அங்கேதான் நடந்திருக்கிறது. பிற்பாடு நினைவுகூரும்போது முதலில் காணாமல்போவதும் அதுதான்.

எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1983 ஏப்ரல் 4 அன்று நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் ஜிம் வல்வானோவின் வட கரோலினா ஸ்டேட் அணி ஹூஸ்டனை 54-52 என்று வென்றது. ஹூஸ்டனில் ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் ஆடினார்கள், இருவருமே பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரும் நட்சத்திரங்கள். ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடிக்க ஆள் தேடி அங்குமிங்கும் ஓடிய வல்வானோவை நாற்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து, புற்றுநோய் உடம்பை அரித்துக்கொண்டிருந்த நிலையில், 1993 மார்ச்சில் அவர் மேடையேறிப் பேசிய பேச்சும் அப்படியே நிலைத்துவிட்டது. அடுத்த மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த உருக்கத்துக்கு அடியில் ஒரு கோச்சின் கணக்கு புதைந்துபோயிருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துக் காட்டுவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். இடைவேளையில் ஸ்டேட் 33-25 என்று முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஹூஸ்டன் சீறிக்கொண்டு வந்து 42-35 என்று மேலே போய்விட்டது. அங்கே ஹூஸ்டன் கோச் கை லூயிஸ் வேகத்தைக் குறைத்துப் பந்தை வைத்து ஆடச் சொன்னார். இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் அந்தப் போட்டியில் அப்போது கிடையாது. முன்னிலையில் இருப்பவர்கள் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கரைக்கலாம். வல்வானோ தன் ஆட்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்யச் சொன்னார். எதிராளிக்கு ஃப்ரீ த்ரோவை, அதாவது இலவச எறிதலை, தூக்கிக் கொடுப்பது கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அன்றைய விதியை நினைவில் வையுங்கள்: ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து, முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்துக்கு ஆறு போடுகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் சராசரியாகக் கிடைப்பது ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. கடிகாரமும் நின்றுவிடும், பந்தும் திரும்ப நம் கைக்கு வந்துவிடும். ஹூஸ்டன் அன்றைக்கு எறிந்த 19 ஃப்ரீ த்ரோவில் விழுந்தது 10 மட்டும். ஆட்டம் 52-52 என்று சமனானது. கடைசி நொடியில் டெரிக் விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்கு எட்டாமல் இறங்க, லோரென்சோ சார்ல்ஸ் அதை அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்தார். உலகம் பார்த்தது அந்தத் திணிப்பை. அதற்கு முந்தைய பத்து நிமிடமும், புள்ளியைக் கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோச்சின் ஆட்டம்.

இரண்டு வருடம் கழித்து, 1985 ஏப்ரல் 1 அன்று, கென்டக்கியின் லெக்சிங்டனில் இதைவிடத் தெளிவான ஒரு சாட்சி கிடைத்தது. ரோலி மாசிமினோவின் வில்லனோவா, பேட்ரிக் யூயிங் ஆடிய நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுனை 66-64 என்று சாய்த்தது. அந்த சீசனிலேயே இரண்டு முறை ஜார்ஜ்டவுனிடம் தோற்றிருந்த அணி அது. எட்டாம் தரவரிசையில் உள்ளே வந்த வேறெந்த அணியும் அதற்கு முன்பும் பின்பும் பட்டம் வென்றதில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் சொல்வது, வில்லனோவா 28 முறை எறிந்து 22 போட்டது, 78.6 சதவீதம், கச்சிதமான ஆட்டம் என்று. அந்த 22ஐத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த 28தான் பெரிதாகப்படுகிறது. நாற்பது நிமிட ஆட்டத்தில் வெறும் 28 எறிதல்! அதே நேரத்தில் ஜார்ஜ்டவுன் 53 முறை எறிந்து 29 போட்டது. அதாவது கூடைக் கணக்கில் ஜார்ஜ்டவுன் ஏழு கூடை அதிகம். வில்லனோவா அந்த வித்தியாசத்தை ஃப்ரீ த்ரோவில் எடுத்தது: இவர்களுக்கு 22 புள்ளி, அவர்களுக்கு 6. எண்ணிக்கையில் போட்டி போட்டிருந்தால் யூயிங்கின் நீண்ட கைகள் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டிருக்கும். மாசிமினோ எண்ணிக்கையை விட்டுக்கொடுத்தார். நல்ல இடம் கிடைக்கும்வரை எறிய வேண்டாம், கிடைக்காவிட்டால் பந்து சுற்றிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாம் பாதி முழுவதிலும் அவர்கள் எறிந்தது பத்தே பத்து முறை, அதில் ஒன்பது உள்ளே போனது.

'78 சதவீதம் என்பது அதிர்ஷ்டம்தானே' என்று கேட்பவர்களுக்குப் பதில் பின்னால் வருகிறது. அதற்கு முன்னால் பீட் கரிலைப் பார்த்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் அவரைவிட நல்ல ஆசான் கிடையாது. பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். அப்பா ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர். கரில் 1967லிருந்து 29 வருடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 514 ஆட்டங்கள் வென்றார். பிரின்ஸ்டன் சேர்ந்த ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. நாட்டின் உயரமான, வேகமான பையன்கள் அங்கே வரமாட்டார்கள் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த சங்கதி. எனவே கரில் கட்டிய ஆட்டமே வேறு. பொதுவாகக் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டரை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் மேலே கொண்டுவந்து, பந்தை அவர் கையில் கொடுத்துவிடுவார். மற்ற நால்வரும் வெளியே பரவிக்கொண்டு ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பார்கள். கூடைக்கு அடியில் ஒருத்தரும் இல்லை. எதிரணியின் உயரமான ஆளும் தன் ஆளைத் தேடி வெளியே வந்தாக வேண்டும். தடுப்பவர் பந்து வரும் வழியை மறிக்க ஒரு அடி முன்னே வைத்தால், பிரின்ஸ்டன் பையன் அவர் முதுகுக்குப் பின்னால் திரும்பிக் காலியாகக் கிடக்கும் கூடையை நோக்கி ஓடுவான். பந்து தரையில் ஒரு முறை குத்தி அவன் கைக்கு வந்துசேரும். இதைத்தான் பேக்டோர் என்கிறார்கள். எதிராளி எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆவேசமாகத் தடுக்கிறாரோ அவ்வளவுக்கு இந்தக் கதவு அகலமாகத் திறக்கும்.

1996 மார்ச் 14, இண்டியானாபொலிஸ். கரில் ஓய்வு பெறப்போவதாக ஐந்து நாளைக்கு முன்புதான் கரும்பலகையில் எழுதிவைத்து அணிக்குத் தெரிவித்திருந்தார். எதிரில் முந்தைய வருட தேசியச் சாம்பியன் யூ.சி.எல்.ஏ. ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சமிருந்தபோது யூ.சி.எல்.ஏ. 41-34 என்று முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசியில் 41-41. சென்டர் ஸ்டீவ் குட்ரிச் கையில் பந்து. முதலாண்டு மாணவன் கேப் லெவுல்லிஸ் தன்னைத் தடுத்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் ஓ'பேனனின் முதுகுக்குப் பின்னால் நழுவி ஓடினான். தரையில் குத்தி வந்த பந்தை வாங்கிப் பலகையில் தட்டிக் கூடைக்குள் போட்டபோது மிச்சம் 3.9 நொடி. 43-41. அந்த நகர்வைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பார்ப்பதற்கும் அழகுதான். ஆனால் யூ.சி.எல்.ஏ. எடுத்த அந்த 41ஐக் கொஞ்சம் யோசியுங்கள். ஓடி ஓடிப் புள்ளி குவிக்கும் அணி அது. பிரின்ஸ்டன் எறிந்து தவறினால் அந்தப் பந்தைப் பிடிக்கப் பாய்வதில்லை. எறிந்த மறுகணமே ஐந்து பேரும் தங்கள் பக்கம் ஓடித் திரும்பிவிடுவார்கள். தவறிய பந்தை மறுபடி எடுத்துப் போடும் வாய்ப்பு கூடைப்பந்தில் பொன்னானது. அதைக் கரில் தாரைவார்த்தார். பதிலுக்கு யூ.சி.எல்.ஏ.வின் ஓட்டத்தை நிறுத்தினார். ஓட முடியாத யூ.சி.எல்.ஏ. வெறும் நல்ல அணி. ஓடுகிற யூ.சி.எல்.ஏ.வோ சாம்பியன்.

இங்கே ஒரு கனமான எதிர்வாதம் இருக்கிறது. ஜெயித்த ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அதில் திட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், அதே திட்டத்தோடு இறங்கித் தோற்றவர்களை யார் எண்ணினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்கள் போட்டியில் பிரிவின் கடைசித் தரவரிசையான பதினாறாம் தரவரிசை அணிகள் முதல் தரவரிசை அணிகளிடம் தொடர்ந்து 135 முறை தோற்ற வரலாறு உண்டு. அந்த 135லும் திட்டம் போட்ட கோச்சுகள் இருந்திருப்பார்கள். ஆனால் என் வாதத்துக்குப் பெரிய பலமே அந்தத் தோல்விகளில் ஒன்றுதான். 1989 மார்ச் 17 அன்று இதே கரில், இதே ஆட்டத்தோடு, பதினாறாம் தரவரிசை பிரின்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜ்டவுன் முன்னால் நின்றார். இடைவேளையில் 29-21 என்று பிரின்ஸ்டன் முன்னிலை. கடைசியில் 50-49 என்று ஒரே புள்ளியில் தோல்வி. இறுதி நொடிகளில் அலோன்சோ மோர்னிங் பந்தைத் தடுத்துவிட்டார். சிறிய லீக்குகளின் சாம்பியன்களுக்குப் போட்டியில் நேரடி இடம் எதற்கு என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. அந்தப் பேச்சை அடக்கியது இந்த ஆட்டம்தான் என்று பலர் சொல்வார்கள். ஏழு வருட இடைவெளியில், வேறு வேறு பையன்களை வைத்துக்கொண்டு, ஒன்றில் ஒரு புள்ளியில் தோல்வி, மற்றொன்றில் இரண்டு புள்ளியில் வெற்றி. ஒரு கோச் தன் அணியைத் திரும்பத் திரும்பக் கடைசி நொடிவரை கொண்டுவந்து நிறுத்துகிறார் என்றால், ஒரு முறை விழுந்ததும் ஒரு முறை விழாததும் மட்டும்தான் அதிர்ஷ்டத்தின் பங்கு. அங்கே வந்து நின்றது அதிர்ஷ்டத்தால் இல்லை.

அதிர்ஷ்டம் என்ற வார்த்தையைக் கண்டு நான் ஒதுங்கவும் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்துக்கு ஆறு ஆட்டம் ஜெயிக்கக்கூடிய ஒரு பலமான அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆட்டம் என்றால் பலவீனமான அணிக்கு 40 சதவீத வாய்ப்பு. என்.பி.ஏ.வில் போல ஏழு ஆட்டத் தொடர் என்றால் அது 29 சதவீதமாக இறங்கிவிடும். கல்லூரிப் போட்டி ஒரே ஆட்டத்தில் முடிவதால் அதன் அமைப்பே சிறியவனுக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. ஆட்டத்துக்குள்ளேயும் இதே கதைதான். நூறு முறை பந்து கையில் கிடைத்தால் பெரிய அணி 110 புள்ளி, சிறிய அணி 100 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது முறை பந்து கிடைக்கும் ஆட்டத்தில் பெரிய அணி ஏழு புள்ளியில் ஜெயிக்க வேண்டும், ஐம்பது முறையே கிடைக்கும் ஆட்டத்தில் ஐந்தே புள்ளிதான். நிரப்ப வேண்டிய பள்ளம் சிறியதாகிறது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கணக்கில் கிடைக்கும் லாபம் மிகச் சில சதவீதம்தான். ஆட்டம் சுருங்கும்போது தற்செயலின் ஊசலாட்டமும் சுருங்குகிறது, கொஞ்சம் மெதுவாக. ஆகவே 'மெதுவாக ஆடு, ஜெயித்துவிடலாம்' என்பது வெற்று மந்திரம். பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிட்டு, கடைசியில் மோசமான இடத்திலிருந்து எறிந்து தோற்ற அணிகளுக்குக் கணக்கே இல்லை. மாசிமினோவும் கரிலும் செய்தது மெதுவாக ஆடியது மட்டுமாக இருந்திருந்தால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதிரணி எதில் வல்லதோ அது நடக்கவே முடியாத ஆட்டமாக அதை மாற்றியதுதான் விஷயம்.

'வேகமாக ஆடியும் ஜெயித்திருக்கிறார்களே' என்பது அடுத்த எதிர்வாதம். மால்கம் கிளாட்வெல் 2009ல் நியூ யார்க்கர் இதழில் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மும்பையில் பிறந்து கலிஃபோர்னியாவில் தொழில் நடத்திய விவேக் ரணதிவே, தன் மகள் ஆடிய சிறுமிகள் அணிக்கு மைதானம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் 'பிரஸ்' ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து வென்ற கதை அது. பலவீனமானவன் ஆட்டத்தைப் பரபரப்பாக்க வேண்டும் என்பது கிளாட்வெல்லின் கட்சி. கல்லூரி ஆட்டத்தில் இதற்கு நல்ல உதாரணம் 2023 மார்ச் 17, ஒஹையோவின் கொலம்பஸில் கிடைத்தது. நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன், முதல் தரவரிசை பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது. ஃபேர்லி டிக்கின்சன் அந்த வருடம் முதல் டிவிஷனின் 363 அணிகளிலேயே சராசரி உயரத்தில் கடைசி. பர்டூவின் ஜாக் ஈடியோ 7 அடி 4 அங்குலம். முந்தைய சீசனில் 4 வெற்றி, 22 தோல்வி என்று கிடந்த அணியை டோபின் ஆண்டர்சன் எடுத்துக்கொண்டு, தான் அதுவரை இருந்த இரண்டாம் டிவிஷன் கல்லூரியிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்துவந்தார். அவர்களில் ஒருவரான டெமெட்ரே ராபர்ட்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலம்.

இந்த ஆட்டம் என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் நேர்மாறு. ஈடியின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பந்து அவர் கைக்குப் போவதற்குள் மறிப்பது, போய்விட்டால் இரண்டு மூன்று பேர் சூழ்ந்துகொள்வது. இப்படிச் செய்தால் வெளியே மற்றவர்கள் காலியாக நிற்பார்கள் என்பது பள்ளிக்கூட அணிக்குக்கூடத் தெரியும். நிற்கட்டும் என்று விட்டார் ஆண்டர்சன். பர்டூ மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 26 முறை எறிந்தது, விழுந்தது 5. பந்தைக் கொண்டுவரும் பர்டூவின் இளம் கார்டுகளை மைதானம் முழுக்க விரட்டியதில் 16 முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். ஈடி 21 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்தார். அதுவும் விட்டுக்கொடுத்த கணக்கில்தான் சேரும். நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் பதினொரு முறை மட்டுமே கூடையை நோக்கி எறிந்தார் என்பதில் இருக்கிறது அந்த இரவு. வேகம், நிதானம் என்பதெல்லாம் கருவி. கரிலின் எதிரி ஓடுகிறவர்கள், அதனால் அவர் ஓட்டத்தை நிறுத்தினார். ஆண்டர்சனின் எதிரி ஓட முடியாத ஒரு மலை, அதனால் அவர் ஓடவைத்தார். கிளாட்வெல் சொல்வது பாதி உண்மை. எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் ஒரே மருந்தை எல்லாருக்கும் எழுதித் தருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய அணி தானே சறுக்கியதற்குச் சிறிய கோச்சுக்கு ஏன் பாராட்டு என்றும் கேட்பார்கள். இதில் உண்மை உண்டு, மறைக்கத் தேவையில்லை. 1998 மார்ச்சில் ஹார்வர்ட் பெண்கள் அணி முதல் தரவரிசை ஸ்டான்ஃபோர்டை அவர்கள் மைதானத்திலேயே 71-67 என்று வென்றது. பதினாறாம் தரவரிசை முதல் தரவரிசையைச் சாய்த்த முதல் ஆட்டம் அதுதான். 2018ல் ஆண்கள் போட்டியில்தான் அது முதன்முறை நடந்தது என்று இன்றைக்கும் பலர் எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் அப்போதுதான் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஹார்வர்டின் ஆலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி எடுத்தார் என்பதும் உண்மை. 1982 டிசம்பர் 23 அன்று ஹோனலூலுவில் சமினாட் என்ற குட்டிக் கல்லூரி, நாட்டின் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 77-72 என்று வீழ்த்தியபோது, வர்ஜீனியா ஜப்பானில் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வழியில் இருந்தது. அவர்களுடைய 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சன் டோக்கியோவில் உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்தவர். சமினாட் கோச் மெர்வ் லோப்பஸுக்குக் கோச் வேலை முழுநேர உத்தியோகம்கூட இல்லை. பகலில் பள்ளி ஆலோசகர். ஆனால் சாம்ப்சனுக்கு எதிராக அவர் நிறுத்திய டோனி ராண்டால்ப், பள்ளிப் பருவத்திலேயே வர்ஜீனியாவில் சாம்ப்சனோடு மோதியவர், கூடைக்கு அடியில் உயரத்தோடு முட்டாமல் வெளியே நின்று எறிந்தார். ராண்டால்ப் 19 புள்ளி, சாம்ப்சன் 12 புள்ளி. எதிரி களைத்திருந்தது வாய்ப்பு. களைத்த பெரிய ஆளை எங்கே நடக்கவைப்பது என்று தெரிந்திருந்தது கோச்சின் வேலை.

பெரிய அணியின் பங்கைப் பற்றிப் பேசினால் 2018ன் வர்ஜீனியாவைச் சொல்லாமல் முடியாது. 31 வெற்றி, 2 தோல்வியோடு சார்லட்டில் இறங்கிய அந்த அணியை, ரயான் ஓடம் கோச்சாக இருந்த பதினாறாம் தரவரிசை யூ.எம்.பி.சி. 74-54 என்று இருபது புள்ளியில் அடித்தது. அதே யூ.எம்.பி.சி. ஜனவரியில் ஆல்பனியிடம் 83-39 என்று நொறுங்கிய அணி. வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை. இருபது புள்ளி வித்தியாசத்தை அது மட்டும் விளக்காது. டோனி பென்னட் கோச்சாக இருந்த வர்ஜீனியா அப்போது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. கூடையைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டு, முடிந்தால் வெளியிலிருந்து எறி என்று விடும் தடுப்பு அவர்களுடையது. சிறிய அணி கஷ்டப்பட்டுச் சுருக்க வேண்டிய ஆட்டத்தைப் பெரிய அணியே சுருக்கிக் கொடுத்தது. இடைவேளையில் 21-21. பிறகு யூ.எம்.பி.சி. பரவி நின்று, திறந்துவிட்ட இடத்தையே எடுத்துக்கொண்டது. மூன்று புள்ளி எறிதல் 24ல் 12. வர்ஜீனியாவுக்கு 22ல் 4. பின்தங்கியதும் வேகமாகத் துரத்த வேண்டிய நிலை வந்தபோது, துரத்துவதற்குப் பழகாத அணியாக அது நின்றது. இன்னொரு சுவையான விஷயம்: ரயானின் அப்பா டேவ் ஓடம், 1982ல் சமினாட்டிடம் தோற்ற அதே வர்ஜீனியாவில் உதவிக் கோச்சாக இருந்தவர். ரயான் சிறுவயதில் வர்ஜீனியாவின் ஆட்டங்களைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர். 2025ல் வர்ஜீனியாவே அவரைத் தன் தலைமைக் கோச்சாக்கிக்கொண்டது.

இப்படி ஆடுவது அழகா, இது கோழைத்தனம் இல்லையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வில்லனோவா ஜெயித்த அடுத்த சீசனிலேயே 45 நொடி ஷாட் கிளாக் எல்லாக் கல்லூரிகளுக்கும் வந்தது. 1993ல் அது 35 ஆகி, 2015ல் 30 ஆனது. பந்தைப் பதுக்கிவைத்து ஆடுவது பார்ப்பவர்களைச் சோர்வடையச் செய்தது உண்மைதான், கடிகாரம் வந்தது விளையாட்டுக்கு நல்லதுதான். ஆனால் கடிகாரம் குறையக் குறைய இந்த மாதிரி வெற்றிகள் ஒழிந்துபோகவில்லையே! 35 நொடிக் காலத்தில் கரில் ஜெயித்தார், 30 நொடிக் காலத்தில் ஓடமும் ஆண்டர்சனும் ஜெயித்தார்கள். நேரத்தைக் கடத்துவது மட்டுமே சிறியவனின் ஆயுதமாக இருந்திருந்தால் கடிகாரம் அதைப் பிடுங்கியிருக்கும். எதை விடுவது என்ற முடிவை எந்த விதியாலும் பிடுங்க முடியாது. கோழைத்தனம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஈடியைச் சூழ்ந்துகொண்டு வெளியே நான்கு பேரைக் காலியாக விடும்போது, முதல் ஐந்து எறிதலும் விழுந்துவிட்டால் அந்தக் கோச்சின் நிலைமை என்ன? அத்தனை பேர் முன்னாலும் அசடாக நிற்க வேண்டியதுதான். வழக்கமான ஆட்டம் ஆடி முப்பது புள்ளியில் தோற்றால் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பாதுகாப்பான வழி அதுதான். அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆக, நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அதன் இடம் வேறு. முந்தைய ஆட்டத்தை ஜெயித்த கையோடு உடைமாற்றும் அறையில் ஆண்டர்சன் தன் பையன்களிடம் சொன்னது படமாக இருக்கிறது: பர்டூவைப் பார்க்கப் பார்க்க, நம்மால் அவர்களை ஜெயிக்க முடியும் என்று தோன்றுகிறது என்றார். திமிர் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் முதல் பாதிதான் முக்கியம். பார்க்கப் பார்க்க. வீடியோவைப் போட்டு உட்கார்ந்து, எது வரும், எது வராது, எதைத் திறந்துவிட்டால் அவர்களால் பயன்படுத்த முடியாது என்று பார்த்துப் பிறந்த நம்பிக்கை அது. இதைத் தெய்வச் செயல் என்று சொல்லும்போது பாராட்டுவதுபோல் இருந்தாலும், கோச்சின் உழைப்பை அவரிடமிருந்து பிடுங்கி ஆகாயத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். கோச்சுகளும் தன்னடக்கத்தில் அதற்கு உடன்பட்டு, பையன்களின் மனசைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். பேட்டி எடுப்பவர்கள் 'அந்த நிமிடம் எப்படி இருந்தது' என்பதோடு நிறுத்தாமல், 'அன்றைக்கு எதைப் போகட்டும் என்று விட்டீர்கள், அது பலிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்' என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால், அடுத்த சிறிய ஊர்க் கோச்சுக்குப் பயன்படுகிற ஒன்று அதிலிருந்து கிடைக்கும்.

சிறிய அணிதான் சிறந்த அணி என்று இந்த வெற்றிகள் நிரூபித்துவிடவும் இல்லை. யூ.எம்.பி.சி.யிடம் அடிவாங்கிய வர்ஜீனியா அடுத்த வருடமே, 2019ல், தேசியப் பட்டம் வென்றது. பர்டூ 2024ல் இறுதி ஆட்டம்வரை போனது. ஃபேர்லி டிக்கின்சன் அடுத்த சுற்றிலேயே ஃபுளோரிடா அட்லான்டிக்கிடம் தோற்றது. யூ.சி.எல்.ஏ.வை வென்ற பிரின்ஸ்டன் அடுத்த ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 63-41 என்று தோற்று வீடு திரும்பியது. கரில் கல்லூரி கோச்சாக உட்கார்ந்த கடைசி ஆட்டம் அது. அன்றைக்கும் அவர் அதே ஆட்டத்தைத்தான் ஆடினார். மிசிசிப்பி ஸ்டேட் அந்த வருடம் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. எல்லா எதிரியிடமும் விட்டுக்கொடுக்கத் தோதான ஒன்று இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.